அகன்றவள்: பிருதிவி என்னும் பெயரின் வரலாறு

பிருதிவி என்பது வேதகாலப் பூமித்தாயின் பெயர். தமிழ்நாட்டில் இன்று அது ஐம்பூதங்களுள் நிலத்தைக் குறிக்கும் பெயராகவும், காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலின் பிருதிவி லிங்கத்தின் பெயராகவும் பலருக்குத் தெரியும். 'அகன்றவள்' என்பது அதன் பொருள். இந்தப் பொருளைப் பற்றிப் பண்டை உரைகாரர்களுக்கும் இன்றைய மொழியியலாளர்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அகலத்தைக் குறித்த ஓர் அடைமொழி தெய்வத்தின் பெயரானது எப்படி, அந்தத் தெய்வத்துக்குப் பின்னாளில் ஓர் அரசன் தந்தையாக வாய்த்தது எப்படி, அதே சொல் கிரேக்க நகரத்துக்கும் கெல்டியத் தெய்வத்துக்கும் பெயராக இருப்பது எப்படி என்ற கேள்விகளில்தான் இந்தப் பெயரின் வரலாறு அடங்கியிருக்கிறது.

வேதப் பாடல்களில் பிருதிவி

ரிக் வேதத்தில் பிருதிவி தனித்து வருவது அரிது. த்யௌஸ் என்னும் வானத்தோடு சேர்த்து, 'த்யாவாபிருதிவீ' என்ற இரட்டைப் பெயரால்தான் அவள் பெரும்பாலும் அழைக்கப்படுகிறாள். வானம் தந்தை, பூமி தாய். தேவர்களுக்கும் மனிதர்களுக்கும் இவர்களே பெற்றோர். இந்த இணைக்கு ஆறு பாடல்கள் உண்டு. பிருதிவிக்கு மட்டும் உரியது ஐந்தாம் மண்டலத்தின் 84ஆம் பாடல் ஒன்றே. அதில் மூன்றே செய்யுள்கள். மலைகளின் பாரத்தைச் சுமப்பதும், இடி மின்னலோடு மழை கொட்டும்போது மரங்களை வேரோடு பிடித்து நிறுத்துவதும் அங்கே அவளுடைய செயல்களாகச் சொல்லப்படுகின்றன. அவளுக்கென்று ஓர் உருவமோ, ஆயுதமோ, வாகனமோ, வாழ்க்கைக் கதையோ அந்தப் பாடலில் இல்லை. கண்முன் கிடக்கும் நிலமும் தெய்வமும் அங்கே இன்னும் ஒன்றாகவே இருக்கின்றன.

பத்தாம் மண்டலத்தின் ஈமப் பாடலிலும் இதே நிலைதான். இறந்தவரை அகன்ற பூமித்தாயிடம் ஒப்படைத்து, தாய் தன் பிள்ளையை முந்தானையால் போர்த்துவதுபோல் அவரைப் போர்த்திக்கொள்ளும்படி அந்தப் பாடல் அவளிடம் கேட்கிறது.

அதர்வ வேதத்தில் அவள் இடம் விரிவடைகிறது. அதன் பன்னிரண்டாம் காண்டத்தின் முதல் பாடல் 63 செய்யுள்களில் பூமியைப் பாடுகிறது. உழுத வயல், வண்டிப் பாதை, மண்ணின் மணம், ஆடிப் பாடும் கூட்டம், வெவ்வேறு மொழி பேசி வெவ்வேறு வழக்கங்களோடு வாழும் மக்கள் என எல்லாம் அதில் வருகின்றன. மண்ணைத் தோண்டுகிறவன் பேசுவதாக அமைந்த ஒரு செய்யுளும் உண்டு. தோண்டிய இடம் விரைவில் மீண்டும் வளரவேண்டும், தோண்டும்போது அவளுடைய உயிர்நிலையிலோ இதயத்திலோ காயம் படக்கூடாது என்று அவன் வேண்டுகிறான். இந்தப் பாடலில் பூமி, பிருதிவி என்ற இரண்டு பெயர்களும் மாறி மாறி வருகின்றன. பிற்காலத்தில் முதலாவது பெயரே தெய்வத்துக்கு நிலைத்தது.

அடைமொழி பெயரான வழி

சமஸ்கிருதத்தில் 'பிருது' என்றால் அகன்ற, விரிந்த என்று பொருள். உகரத்தில் முடியும் இத்தகைய பண்புச்சொற்கள் பெண்பாலில் 'வீ' என்ற ஈறு பெறும். குரு என்பது குர்வீ ஆகும். லகு என்பது லக்வீ ஆகும். தனு என்பது தன்வீ ஆகும். அதே முறையில் பிருது என்பது பிருத்வீ ஆகிறது. 'பிருதிவீ' என்ற மூன்றசை வடிவம் இதே சொல்லின் இன்னும் பழைய தோற்றம். நடுவில் நிற்கும் இகரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை, பின்னால் காண இருக்கும் கிரேக்கச் சான்றோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் தெளிவாகும்.

பண்பைக் குறிக்கும் சொல் பெண்பால் ஈறு பெற்றுப் பூமியின் பெயராவது இந்தச் சொல்லுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 'உரு' என்ற சொல்லுக்கும் அகன்ற என்பதே பொருள். அதன் பெண்பாலான 'உர்வீ' பூமியைக் குறிக்கிறது. பெரியவள் என்று பொருள்படும் 'மஹீ' என்பதும் பூமியின் பெயர். இப்படி மூன்று பண்புச்சொற்கள் ஒரே பாதையில் சென்றிருப்பதால், அவை ஒருகாலத்தில் ஏதோ ஒரு பெயர்ச்சொல்லுக்கு அடைமொழிகளாக நின்றிருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம்.

அந்தப் பெயர்ச்சொல் ரிக் வேதத்திலேயே இருக்கிறது. 'க்ஷம்' என்பது அது. இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் பூமிக்கு வழங்கிய மிகப் பழைய சொல்லின் சமஸ்கிருத வடிவம் இது. ஹிட்டைட் மொழியின் 'தேகன்', தொகாரிய மொழியின் 'த்கம்', கிரேக்கத்தின் 'க்தோன்', லத்தீனின் 'ஹூமுஸ்', லித்துவேனிய மொழியின் 'ழேமே' ஆகியவை இதன் இனச்சொற்கள். லித்துவேனியர்களின் பூமித்தெய்வமான ழேமினாவின் பெயரும் இந்த வேரிலிருந்து வந்ததே. ரிக் வேதத்தில் க்ஷம் என்ற பெயருக்கு அடையாக 'அகன்ற' என்ற சொல் வருகிறது. ஈரானிய வேதமான அவெஸ்தாவிலும் 'ஸம்' என்ற பூமிப் பெயருக்கு இதே அடை வருகிறது. கிரேக்கக் காவியங்கள் க்தோன் என்ற பெயருக்கு வேறொரு வேரிலிருந்து வந்த 'அகன்ற' என்ற சொல்லை அடையாக்குகின்றன. ஹெசியோட், பூமித்தெய்வமான கையாவை அகன்ற மார்புடையவள் என்கிறார். 'அகன்ற பூமி' என்பது இந்த மொழிகளின் பாடல் மரபில் வெகுகாலம் கைமாறி வந்த ஒரு தொடர் என்று ஒப்பியல் அறிஞர்கள் கருதுவதற்கு இவையே அடிப்படை.

இரட்டைப் பெயரிலும் இந்த மாற்றத்தின் தடம் இருக்கிறது. ரிக் வேதத்தில் த்யாவாபிருதிவீ என்பதோடு 'த்யாவாக்ஷாமா' என்ற வடிவமும் உண்டு. வானத்தின் துணைவி நிற்கவேண்டிய இடத்தில் பழைய பெயர்ச்சொல்லும் நிற்கிறது, அதன் அடைமொழியும் நிற்கிறது. காலப்போக்கில் க்ஷம் அருகியது. அதன் வேற்றுமை வடிவங்கள் ஒன்றோடொன்று ஒட்டாத அளவுக்குச் சிதைந்திருந்ததும் அதற்கு ஒரு காரணமாகலாம். பெயர் பின்வாங்கியபோது அடைமொழி முன்னால் வந்து, பெயராகவே நிலைத்தது.

தமிழிலும் பூமிக்கு 'அகலிடம்' என்று ஒரு பழைய பெயர் உண்டு. அது தமிழ் வேரிலிருந்து தனியாக எழுந்தது. பிருதிவியோடு அதற்கு உறவு இல்லை. நிலத்தைப் பார்த்தவுடன் மனத்தில் படுவது அதன் பரப்புதான் என்பதை மட்டும் இந்த ஒற்றுமை காட்டுகிறது.

பிராமணங்களும் யாஸ்கரும்

பெயருக்குக் காரணம் சொல்லும் முயற்சி வேதகாலத்திலேயே தொடங்கிவிட்டது. வேள்விகளை விளக்கும் பிராமண நூல்களுள் ஒன்றான தைத்திரீய பிராமணத்தில் ஒரு படைப்புக் கதை வருகிறது. தொடக்கத்தில் எங்கும் நீர். தாமரை இலை ஒன்று நிமிர்ந்து நிற்பதைக் கண்ட பிரஜாபதி, அது எதன்மேலோ ஊன்றியிருக்க வேண்டும் என்று நினைத்து, பன்றி வடிவெடுத்து மூழ்கினார். அடியில் மண்ணைக் கண்டு, ஒரு துண்டைப் பெயர்த்து மேலே கொண்டுவந்து அந்த இலையின்மேல் பரப்பினார். பரப்பப்பட்டதால் அதற்குப் பிருதிவி என்று பெயர். உண்டானதால் பூமி என்று பெயர். முதல் பெயரை 'ப்ரத்' என்ற பரவுதல் வினையோடும், இரண்டாவதை 'பூ' என்ற ஆதல் வினையோடும் இந்தக் கதை இணைக்கிறது. இரண்டு இணைப்புகளையும் இன்றைய சொற்பிறப்பியலும் ஏற்கிறது. சதபத பிராமணத்தில் அந்தப் பன்றியின் பெயர் ஏமூஷன்; அது தூக்கும் முன் பூமி ஒரு சாண் அளவே இருந்ததாம்.

இதே விளக்கம் நிருக்தத்தில் விவாதப் பொருளாகிறது. வேதச் சொற்களுக்குப் பொருள் காணும் அந்த நூலை இயற்றிய யாஸ்கர், பாணினிக்கு முந்தியவர் என்று பொதுவாகக் கருதப்படுகிறார். எல்லாப் பெயர்ச்சொற்களும் வினைகளிலிருந்து பிறந்தவை என்பது சாகடாயனர் என்ற இலக்கணியின் கட்சி. எல்லாவற்றையும் அப்படிச் சொல்லிவிட முடியாது என்பது கார்க்யர் கட்சி. யாஸ்கர் முதலாவது கட்சியின் பக்கம் நிற்பவர். ஆனால் எதிர்த்தரப்பின் தடைகளை வரிசையாக எடுத்துச் சொல்லிவிட்டே விடையளிக்கிறார்.

அந்தத் தடைகளுள் ஒன்று பிருதிவியைப் பற்றியது. வழக்கில் ஊன்றிவிட்ட ஒரு சொல்லுக்குப் பிறகு உட்கார்ந்து காரணம் கற்பிக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. பரப்பப்பட்டதால் பிருதிவி என்கிறார்கள். அப்படியானால் அவளைப் பரப்பியது யார்? பரப்பியவர் எதன்மேல் நின்றுகொண்டு பரப்பினார்? பூமியே இல்லாத வேளையில் காலூன்ற இடம் ஏது என்பதுதான் இந்தக் கேள்வியின் கூர்மை. பன்றிக் கதையைச் சொல்லி யாஸ்கர் தப்பித்துக்கொள்ளவில்லை. யாரும் பரப்பாவிட்டாலும் பார்வைக்கு அவள் அகன்றவளாகத்தான் இருக்கிறாள் என்கிறார். படைப்புக் கதையின் துணை இல்லாமல், கண்ணுக்குத் தெரியும் பண்பை மட்டும் கொண்டு பெயரை விளக்கிய அந்த விடை, பண்புச்சொல்லிலிருந்து பெயர் வந்தது என்ற இன்றைய முடிவுக்கு மிக அருகில் நிற்கிறது.

பிருது மன்னனின் கதை

புராணங்கள் வேறொரு காரணம் கூறின. விஷ்ணு புராணத்தின் முதல் அம்சத்திலும் பாகவதத்தின் நான்காம் ஸ்கந்தத்திலும் அந்தக் கதை இருக்கிறது. வேள்விகளைத் தடுத்த வேனன் என்ற கொடிய அரசனை முனிவர்கள் தர்ப்பைப் புல்லால் கொன்றனர். அரசனில்லாத நாட்டில் கொள்ளை பெருகவே, வேனனின் உடலைக் கடைந்தனர். வலக்கையிலிருந்து பிருது தோன்றினான். குடிகள் பசியால் வாடி அவனிடம் முறையிட்டார்கள். தாவரங்களைத் தன்னுள் ஒளித்துக்கொண்ட பூமியை நோக்கி அவன் வில்லெடுத்தான். பூமி பசுவாகி ஓடியது. ஓடிக் களைத்துப் பணிந்தது. கன்று ஒன்றைத் தந்தால் பால் சுரப்பதாகவும், பால் எங்கும் பரவும்படி நிலத்தைச் சமன்படுத்த வேண்டும் என்றும் கேட்டது. பிருது வில்லின் நுனியால் மலைகளைத் தள்ளி ஒதுக்கினான். சுவாயம்புவ மனுவைக் கன்றாக்கித் தன் கையிலேயே பாலாகத் தானியங்களைக் கறந்தான். அதற்கு முன் ஊருக்கும் நகருக்கும் எல்லை இல்லை, உழவு இல்லை, வணிகப் பாதை இல்லை என்கிறது விஷ்ணு புராணம். உயிர் கொடுத்த பிருது பூமிக்குத் தந்தையானான். அதனால் அவள் பிருதிவி ஆனாள்.

மனு ஸ்மிருதி உறவை மாற்றிச் சொல்கிறது. அதன் ஒன்பதாம் அத்தியாயத்தில் பூமி பிருதுவின் மனைவி. காட்டைத் திருத்தியவனுக்கே வயல் உரியது, முதலில் அம்பெய்தவனுக்கே மான் உரியது என்ற உரிமை விதிகளோடு சேர்ந்து அந்தக் கூற்று வருகிறது. மகளானாலும் மனைவியானாலும் கருத்து ஒன்றுதான்: நிலம் அரசனுடையது, அவன் பெயரையே அது தாங்குகிறது.

மொழியின் கணக்கில் இந்தக் கதை பொருந்தவில்லை. சமஸ்கிருதத்தில் ஒருவரின் மகளுக்கு அவர் பெயரிலிருந்து பெயர் அமைத்தால் முதல் உயிர் திரிந்து வலுப்பெறும். ஜனகன் மகள் ஜானகி. துருபதன் மகள் திரௌபதி. பிருதை என்ற குந்தியின் மகன் பார்த்தன். அந்த முறைப்படி பிருதுவின் மகள் 'பார்த்தவி' ஆகியிருக்க வேண்டும். முதலசை மாறாத 'பிருத்வீ' என்பது பிருது என்ற பண்புச்சொல்லின் நேர்ப் பெண்பால் மட்டுமே. அகன்ற என்ற சொல் ஆணுக்கு இயற்பெயராகவும் நிலத்துக்குத் தெய்வப் பெயராகவும் தனித்தனியே வழங்கியது. இரண்டும் ஒரே வடிவில் இருந்ததைக் கண்ட கதைமரபு அவற்றுக்கிடையே உறவு கற்பித்தது.

காலவரிசையும் இதையே காட்டுகிறது. பால் கறக்கும் கதையின் பழைய வடிவம் அதர்வ வேதத்தின் எட்டாம் காண்டத்தில் இருக்கிறது. அங்கே பசுவின் பெயர் விராஜ். வைவஸ்வத மனு கன்றாக நிற்க, வேனன் மகன் பிருதி உழவையும் தானியத்தையும் கறக்கிறான். அந்தக் காட்சியில் பிருதிவியும் இருக்கிறாள், பால் பிடிக்கும் பாத்திரமாக! கறப்பவன் பெயரும் பாத்திரத்தின் பெயரும் ஒத்திருந்தும், ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததாக அந்த வேதம் கூறவில்லை. பாத்திரமாக இருந்தவள் பசுவாகி, பசு மகளாகி, மகள் தந்தையின் பெயரைப் பெற்றது பிற்கால வளர்ச்சி.

மேற்கே கிடைத்த இனச்சொற்கள்

1786ஆம் ஆண்டு கல்கத்தாவின் ஆசியக் கழகத்தில் வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று பேசினார். 1816இல் பிரான்ஸ் பாப் வெளியிட்ட வினையமைப்பு ஆய்வு அந்தக் கருத்துக்கு முறையான அடித்தளம் போட்டது. அதன் பிறகு பிருதிவி என்ற பெயரைச் சமஸ்கிருதத்துக்கு வெளியிலும் தேட முடிந்தது.

பிருது என்பதற்கு நேரான கிரேக்கச் சொல் 'பிளாத்துஸ்'. அகன்ற என்பதே அதன் பொருளும். பூர்வ மொழியின் லகரம் இங்கே சமஸ்கிருதத்தில் ருகரமாகிவிட்டது. கிரேக்கம் லகரத்தைக் காத்தது. தமிழர் நாவில் புழங்கும் பிளேட், பிளாசா ஆகிய சொற்கள் இந்தக் கிரேக்கச் சொல்லின் வழியே ஐரோப்பிய மொழிகளில் பரவியவை. பிளேட்டோவின் பெயரும் இதிலிருந்து வந்ததே. அரிஸ்தோக்ளிஸ் என்ற இயற்பெயர் கொண்ட அவருக்கு, உடற்கட்டின் அகலத்தைப் பார்த்து மல்யுத்த ஆசிரியர் இட்ட பெயர் அது என்று தியோகெனஸ் லாயர்தியஸ் ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார்.

பிருதிவீ என்ற பெண்பால் வடிவத்துக்கு ஒலிக்கு ஒலி நேராக நிற்பது 'பிளாத்தாயா'. கிமு 479இல் கிரேக்கர்கள் பாரசீகப் படையை முறியடித்த களத்தருகே இருந்த நகரத்தின் பெயர் அது. கித்தைரோன் மலையடிவாரத்தில், பொயோத்தியா நாட்டில் இருந்த அந்த நகரத்துக்கு ஒரு பெண் பெயர் தந்ததாக ஊர்க்கதை. அவள் அசோப்பஸ் ஆற்றின் மகள்.

கிபி 2ஆம் நூற்றாண்டில் அங்கே சென்ற பௌசானியஸ், தைதாலா என்ற திருவிழாவையும் அதன் கதையையும் எழுதிவைத்தார். வானத்தெய்வமான ஸீயஸிடம் ஊடல் கொண்ட ஹீரா, யூபோயாத் தீவுக்குப் போய்விட்டாள். கித்தைரோன் என்ற அரசன் ஸீயஸுக்கு ஒரு யோசனை சொன்னான். மரத்தில் ஒரு பாவை செய்து, மணப்பெண் போல் போர்த்தி மாட்டுவண்டியில் ஏற்றி, அசோப்பஸின் மகள் பிளாத்தாயாவை மணக்கப்போவதாக அறிவிக்கவேண்டும் என்பதே அந்த யோசனை. செய்தி கேட்ட ஹீரா விரைந்து வந்து போர்வையைக் கிழித்தாள். உள்ளே மரப்பாவையைக் கண்டு சிரித்துச் சமாதானமானாள். இதன் நினைவாக நடந்த விழாவில் பாவைக்கு மரம் தேர்ந்தெடுத்த முறையும் விந்தையானது. ஓக் மரக் காட்டில் வேகவைத்த இறைச்சித் துண்டுகளை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். இறைச்சியைக் கவ்விய காகம் எந்த மரத்தில் போய் உட்காருகிறதோ அந்த மரத்தை வெட்டுவார்கள். பெருவிழாவில் இத்தகைய பாவைகளை மலையுச்சிக்குக் கொண்டுபோய் எரிப்பார்கள்.

ஸீயஸ் என்ற பெயர் த்யௌஸ் என்பதன் நேர் இனச்சொல். த்யௌஸ் பிதா, ஸீயஸ் பாதேர், ஜூபிடர் ஆகிய மூன்றும் வானத்தந்தையின் ஒரே பெயர். அந்த வானத்தந்தைக்கு மணப்பெண்ணாகப் பிளாத்தாயா அறிவிக்கப்படுவதால், த்யௌஸும் பிருதிவியும் இணைந்த பழைய ஜோடியின் நிழல் இந்தக் கதையில் இருப்பதாக ஒப்பியல் அறிஞர்கள் சிலர் வாதிடுகிறார்கள். அகன்ற சமவெளி என்ற பொருளில் ஊர்ப்பெயராகவே அது தொடங்கியிருக்கவும் இடம் உண்டு. சொற்களின் உறவு உறுதியானது. வழிபாட்டின் உறவு ஊகத்தின் அளவில் நிற்கிறது.

கெல்டிய மொழிகள் சொல்லின் முதலில் நின்ற பகரத்தை இழந்தவை. லத்தீனில் 'பாதேர்' என்ற தந்தை, ஐரிஷ் மொழியில் 'அதைர்' ஆகிவிடுகிறார். அதே விதிப்படி பிருதிவியின் கெல்டிய வடிவம் 'லிதாவீ'. பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் கிடைத்த உரோமர் காலக் கல்வெட்டுகளில், மார்ஸ் கிகொல்லுயிஸ் என்ற தெய்வத்தோடு லிதாவிஸ் என்ற பெண் தெய்வமும் வணங்கப்படுகிறாள். கிமு 52இல் சீசரை எதிர்த்த கெல்டிய இனத் தலைவர்களுள் ஒருவனான லிதாவிக்கஸின் பெயரும் இதே அடியில் அமைந்தது. பிரான்சின் வடமேற்கில் உள்ள பிரித்தானி நிலப்பகுதியை இடைக்கால லத்தீன் 'லெதாவியா' என்றது. வேல்ஸ் மொழி இன்றும் அதை 'ஹ்லிதௌ' என்ற வடிவில் வழங்குகிறது.

ஜெர்மானிய மொழிகளில் பகரம் ஃபகரமாயிற்று. பழைய ஆங்கிலத்தில் பூமியைக் குறித்த 'ஃபோல்தெ' இந்த வேரின் கிளை. 11ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்றில், விளைச்சல் கெட்ட வயலுக்குச் செய்யும் சடங்கு எழுதப்பட்டுள்ளது. வயலின் நான்கு பக்கமும் புல்லோடு மண்கட்டி வெட்டி, எண்ணெய், தேன், பால் தெளித்து, மாதாகோயிலுக்குக் கொண்டுபோய் வழிபாடு நடத்தி, பொழுது சாயும் முன் அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். பிறகு முதல் உழவுச்சாலில் ரொட்டி ஒன்றை வைத்து உழவேண்டும். அந்தச் சடங்கில் ஃபோல்தெ என்ற பெயரால் விளிக்கப்படும் பூமி மனிதர்களின் தாயாகப் போற்றப்படுகிறாள்.

இகரத்தின் பிறப்பு

பிருதிவீ, பிளாத்தாயா என்ற இரண்டையும் அருகருகே வைத்தால், சமஸ்கிருதத்தில் இகரம் நிற்கும் இடத்தில் கிரேக்கத்தில் அகரம் நிற்பது தெரியும். பிதா, பாதேர் என்ற சொற்களிலும் இதே வேறுபாடுதான். 1879இல் பெர்டினாண்ட் டி சொசூர் தம் இளவயது ஆய்வில், இத்தகைய வேறுபாடுகளுக்குக் காரணமாகப் பூர்வ மொழியில் சில ஒலிகள் இருந்து மறைந்திருக்க வேண்டும் என்று கணித்தார். அப்போது அறியப்பட்டிருந்த எந்த மொழியிலும் அந்த ஒலிகள் நேராகக் கிடைக்கவில்லை. துருக்கியில் அகழ்ந்தெடுத்த களிமண் பலகைகளின் ஹிட்டைட் மொழியை 1915இல் பெட்ரிச் ஹ்ரோஸ்னி படித்துக் காட்டினார். சொசூர் கணித்த இடங்கள் பலவற்றில் ஹகரம் போன்ற ஒலி அந்த மொழியில் எழுதப்பட்டிருப்பதை 1927இல் யெர்சி குரிலோவிச் எடுத்துக்காட்டினார். குரல்வளை ஒலிகள் என்று இன்று அவை அழைக்கப்படுகின்றன.

'அகன்ற' என்ற வேரின் இறுதியில் அத்தகைய ஓர் ஒலி இருந்தது. சமஸ்கிருதத்தில் அது இரண்டு வேலை செய்தது. முன்னால் நின்ற தகரத்துக்கு மூச்சொலி ஏற்றியது. இரண்டு மெய்களுக்கிடையே அகப்பட்டபோது இகரமாக மாறியது. பிருதிவியின் தகரம் வல்லொலியாக இல்லாமல் மூச்சொலியோடு நிற்பதும், நடுவில் இகரம் இருப்பதும் ஒரே காரணத்தால் நிகழ்ந்தவை. கிரேக்கத்தில் அதே ஒலி அகரமானது. ஆகவே மூன்றசை வடிவமே மரபுவழி வந்தது. இகரமற்ற பிருத்வீ என்பது பிருது என்ற ஆண்பாலை ஒட்டிப் புதிதாக அமைத்துக்கொண்டது.

கிழக்கும் தெற்கும்

பிராகிருத மொழிகளில் பகரத்தை அடுத்த ருகரம் உகரமானது. 'புடவீ', 'புஹவீ' என்ற வடிவங்கள் அப்படி வந்தவை. பாலி மொழி 'படவீ', 'பதவீ' என்றது. பௌத்த நூல்கள் நிலம் என்னும் தாதுவுக்கு இந்தப் பாலிப் பெயரையே இட்டன. பௌத்தம் சென்ற நாடுகளுக்கு அது உடன் சென்றது. பூமியைக் குறிக்கும் சிங்களச் சொல்லான 'பொளொவ' இதன் வழி வந்தது. பர்மிய மொழியில் புவியியல் பாடத்தின் பெயரில் 'பதவி' இருக்கிறது. ஜாவாவுக்குச் சமஸ்கிருத வடிவம் நேராகவே போய்ச் சேர்ந்தது. இந்தோனேசியர்கள் தங்கள் தாய்நாட்டை உருவகிக்கும் 'இபு பெர்த்திவி' என்ற பெயரில் இபு என்பது தாய், பெர்த்திவி என்பது பிருதிவி.

தமிழுக்கு இந்தச் சொல் இரண்டு வழிகளில் வந்தது. பிராகிருத வழியில் வந்தது 'புடவி'. செய்யுளில் உலகம் என்ற பொருளில் அது வழங்கியது; டகரம் அதன் பிராகிருதப் பிறப்பைக் காட்டுகிறது. சமஸ்கிருத வழியில் வந்தவை பிருதிவி, பிருத்வி என்ற வடிவங்கள். சைவ சித்தாந்த நூல்களிலும் சித்த மருத்துவ நூல்களிலும் பிருதிவி, அப்பு, தேயு, வாயு, ஆகாயம் என்ற வரிசையில் முதலில் நிற்பது இதுதான்.

அரசர்களின் பெயர்களிலும் பட்டங்களிலும் பிருதிவி தொடர்ந்தாள். வாதாபிச் சாளுக்கியர் 'ஸ்ரீபிருதிவிவல்லபன்' என்ற பட்டத்தைச் சூடினர். பூமியின் காதலன் என்ற அந்தப் பட்டம், மனு ஸ்மிருதி சொல்லும் கணவன் உறவின் தொடர்ச்சி. கங்க மன்னன் பிருதிவிபதி 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருப்புறம்பியம் போரில் பல்லவர் பக்கம் நின்று உயிர்விட்டான். பூமிக்கு உரியவன் என்ற பொருளில் அரசனைக் குறித்த 'பார்த்திவ' என்ற சொல் தமிழில் பார்த்திபன் ஆனது. கல்கியின் நாவலால் பரவலான அந்தப் பெயரும், பிருதையின் மகன் என்று பொருள்படும் பார்த்தனும் வெவ்வேறு சொற்களிலிருந்து அமைந்தாலும் வேர் ஒன்றே.

வழிபாட்டில் மட்டும் பெயர் மாறியது. வராகமாகத் திருமால் தூக்கிவரும் நிலமகளை, மாமல்லபுரத்தின் 7ஆம் நூற்றாண்டு வராகக் குகைச் சிற்பம் முதல் இன்றைய வைணவக் கோயில்கள் வரை பூதேவி என்றே மக்கள் அழைக்கிறார்கள். பிருதிவி என்ற பெயர் ஐம்பூத வரிசையிலும் லிங்கத்தின் பெயரிலும் அரசர் பட்டங்களிலும் தங்கிவிட்டது. க்ஷம் என்ற பழைய பெயரின் இடத்தை ஒருகாலத்தில் பிடித்த அடைமொழி, தெய்வத்தின் பெயர் என்ற இடத்தைத் தானும் இன்னொரு சொல்லுக்கு விட்டுக்கொடுத்தது.